பூட்டின வாசலில் அப்பாவின் பெஞ்ச்

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் குலசாமி பக்கத்துணையாக நிற்கட்டும். இவ்விடம் நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை பழக்கத்தில் போகிறது, ஆனால் இந்தத் தடவை பாதி சுகம் என்று எழுதுகிறேன், மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. வாரா வாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று பேனா பிடிக்கும் ஆசை என்று நீ சிரிப்பாய். போனில் பேசும்போது அப்பா என்னை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பேச்சு குறைந்ததே தவிர காது பாம்புக் காது. அடுப்படியில் நின்று கிசுகிசுத்தாலும் இங்கிருந்து செருமுகிறார். அவர் தூங்கும் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் மற்ற விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். குறுவை அறுத்தாயிற்று, விளைச்சல் குறை சொல்ல முடியாது, ஆனால் அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை மூட்டையாக நெல் நனைந்து கிடக்கிறது, நம் குத்தகைக்காரர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ராப்பகலாக அலைகிறார். இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், ஊரே நெல்லை அள்ளிக்கொண்டு தார்ரோட்டுக்கு ஓடுகிறது. அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. நீ கேட்ட வடகம் போட்டேன், பாதி காய்வதற்குள் மழை வந்து அதுவும் போயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போனபோது நீ லீவு போட்டு வந்திருந்தாய், அவர் கட்டிலை விட்டு எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ நேரில் பார்க்கவில்லை. சமதரையில், கைப்பிடி பிடித்து, ஒரு நாள் விடாமல் நடக்க வேண்டும் என்று பிசியோதெரபி டாக்டர் சொல்லிவிட்டார். நம் தெருவில் சமதரைக்கு எங்கே போவது? ஒரு வீட்டு வாசலில் சறுக்குமேடை, அடுத்த வீட்டில் சாக்கடைக்குப் போட்ட பலகை, அதற்கடுத்த வீட்டில் குறுக்கே நிற்கும் பைக். ஊரில் ஒரே ஒரு சமதரைதான் உண்டு, அது ஏரிக்கரைப் பூங்கா. ஏரியைச் சுற்றிக் கல் பாவிய நடைபாதை, தண்ணீர்ப் பக்கம் முழுக்க இரும்புக் கைப்பிடி. நீ கல்யாணம் ஆகிப் போன பிறகு ஏதோ திட்டத்தில் பணம் வந்து பேரூராட்சி கட்டியது, நீயும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறாய். அதில் ஒரு சங்கடம் வந்தது. நம் ஊர் சனம் பூங்காவிலும் கோவில் பிராகாரம் மாதிரிதான் நடக்கிறது, ஏரியை வலது கைப்பக்கம் வைத்து வலமாகச் சுற்றுகிறார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படி நடந்தால் கைப்பிடி வலது பக்கம் வரும். அப்பாவுக்குப் பிடிமானம் உள்ளது இடது கை ஒன்றுதான். ஆகவே அவர் எதிர்த்திசையில் நடந்தால்தான் முடியும். முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார், இடமாகச் சுற்றுவது சாவுக்குத்தானே என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார். ஏரி என்ன சாமியா, சும்மா நடங்க என்று நான் அதட்டினேன். அதற்கும் அவர் தண்ணீரைப் பார்த்து இடது கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.

அந்த எதிர்நடைதான் அவரைப் பிழைக்க வைத்தது என்று நான் சொல்வேன். எல்லாரும் ஒரு பக்கமாகப் போக இவர் ஒருவர் மட்டும் எதிரே வருகிறாரா, அதனால் ஊரில் உள்ள முகம் அத்தனையும் இவருக்கு நேருக்கு நேராக வந்தது. எதிரே வருகிற மனுஷன் வணக்கம் சொன்னால் பதில் சொல்லாமல் போக முடியுமா? முதலில் ம்ம் என்றார், அப்புறம் தலையோடு சேர்த்து வா என்றார், அப்புறம் ஒவ்வொருவர் பேராக நாக்கில் ஏறியது. டாக்டர் எழுதிக்கொடுத்த பேச்சுப் பயிற்சியை வீட்டில் செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அங்கே போனால் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டு வருவார். வாட்ச்மேன் மூஸா பாய் சாயங்காலம் கேட்டைத் திறந்துவிட்டு, வாங்க மாப்ளே, உங்களுக்காகத்தான் தொறந்து வச்சிருக்கேன் என்று கேலி பண்ணுவார். இவரும் மூஸா மூஸா என்று சிரிப்பார். ஒரு நாள் ஹார்டுவேர் கடை செந்தில்குமார் எதிரே வந்தபோது, கடையில கூட்டம் இல்லையா, இங்க சுத்துற என்று முழு வாக்கியமாகக் கேட்டுவிட்டார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பூங்காவைத்தான் பூட்டிவிட்டார்கள். ஏதோ கொஞ்ச நாள் மராமத்து என்று உன்னிடம் சொல்லி வைத்தேனே, அது சமாளிப்பு. கட்டுவதற்கு வந்த பணம் கட்டியதோடு தீர்ந்துபோயிற்றாம், பார்த்துக்கொள்வதற்கு என்று எந்தப் பணமும் எங்கிருந்தும் வரவில்லையாம். ஆனை வாங்கத் துட்டு இருந்தது, அங்குசத்துக்கு இல்லை என்கிற கதை. கரண்ட் பில் கட்டவில்லை என்று முதலில் விளக்கு போயிற்று, பிறகு ஊஞ்சல் சங்கிலி அறுந்தது, மூஸா பாய் சம்பளம் வராமலேயே ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தார், கடைசியில் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா தங்கச்சி, நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டு மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குக் காவலுக்குப் போய்விட்டார். ஆள் இல்லை, வெளிச்சம் இல்லை, தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகள் விழுந்தால் யார் பொறுப்பு என்று பேரூராட்சியில் சங்கிலி போட்டுப் பூட்டு மாட்டிவிட்டார்கள். யாரோ தனியாருக்கு விடப் போகிறார்கள், டிக்கெட் போடுவார்கள் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. உண்மையோ பொய்யோ தெரியாது.

அப்போது நம் ஊர்க்காரர்கள் செய்த காரியத்தைக் கேள், சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. செந்தில்குமார் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் கொடுப்பார்கள் என்று பேசினான். எல்லாரும் கை தட்டினோம். நம் ஆட்கள் டியூப் லைட்டு வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சம் வெளியே வராதபடி உபயம் என்று பெயர் எழுதுகிறவர்கள் ஆயிற்றே. ஒருவர் பெஞ்ச் என்றார், அடுத்தவரும் பெஞ்ச் என்றார், ஒரு குடும்பம் நுழைவு வளைவு, ஒரு குடும்பம் சிமெண்டில் கொக்கு, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் நீரூற்று. விளக்குக்குக் கரண்ட் பில், மூஸா பாய்க்குச் சம்பளம் என்று நான் எழுந்து சொன்னேன். செந்தில்குமார் நல்லவன்தான், அவனே தயங்கித் தயங்கி, அக்கா, சம்பளத்துக்குக் குடுத்தா அதுல எங்கக்கா பேரு எழுதறது என்றான். மூஸா பாய் முதுகில் எழுது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், பெஞ்சுக்குத்தான் பெயர் கொடுத்தார்கள். அந்த வாரம்தான் நீயும் போன் செய்து, அப்பாவின் எழுபதுக்கு என்னால் வர முடியவில்லை, அறுபதுக்குத் திருக்கடையூரில் கூட நின்ற மாதிரி இப்போது நிற்க முடியவில்லை, அதனால் அவர் பேரில் ஒரு கருங்கல் பெஞ்ச் போடுகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது நீ பதறாமல் படிக்க வேண்டும், இது முடிந்துபோன விஷயம், அப்பாவுக்கு எலும்பு ஒன்றும் ஆகவில்லை. பூங்கா பூட்டின பிறகு வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொன்னேன், சுவரைப் பிடித்து இரண்டு நாள் நடந்தார், சுவர் என்ன வணக்கமா சொல்லப்போகிறது, விட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் தடியை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்கரை ரோட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நல்ல வெயில், ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்து ஹாரன் அடித்திருக்கிறது. ஒதுங்குவதற்குப் பக்கத்திலேயே அவ்வளவு நெல்லும் மெத்தை விரித்த மாதிரி கிடக்கிறது, ஒரு எட்டு வைத்து ஏறி நின்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. இவர் செருப்புக் காலோடு நெல்லை மிதிக்க மாட்டாராம். இழுத்துப் பிரிக்கும் ஒட்டுப்பட்டை வைத்த அந்தச் செருப்பைத் தடி பிடித்த ஒரே கையால் கழற்றவும் முடியாது. நெல்லை விட்டுவிட்டு ரோட்டின் குறுக்கே அந்தப் பக்கம் போகப் பார்த்து, கரைச் சரிவில் கால் வழுக்கி வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டார். நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள்தான் ஓடிப்போய்த் தூக்கிக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவரே, நெல்லுல ஏறி நிக்க வேண்டியதுதானே, நாங்க என்ன சொல்லப் போறோம் என்று அந்த நெல்லுக்குச் சொந்தக்காரரே கண் கலங்கிக் கேட்டார். அப்பாவுக்கு முழங்கையிலும் தொடையிலும் சிராய்ப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ, என்னப்பா வெயில்ல முழுக்கைச் சட்டை என்று கேட்டாய், நான் கொசு என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் நடப்பதை விட்டுவிட்டார். அதைவிட மோசம், பேச்சும் கூடவே போய்க்கொண்டிருக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. மனுஷ முகம் பார்த்து வந்த சொல் முகம் இல்லாவிட்டால் எங்கே நிற்கும்? காப்பி வேண்டுமா என்றால் தலையாட்டல், டிவி வைக்கவா என்றால் கையாட்டல். போன வாரம் என்னை எதற்கோ கூப்பிட என் பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை, கட்டிலைத் தட்டினார். இத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சொல்லி என்னை எத்தனை திட்டு திட்டியிருப்பார், அன்றைக்கு ஒரு திட்டாவது திட்டமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

பேரூராட்சியில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று போட்டார்கள், பொதுமக்கள் போய்ப் பேசலாமாம். பக்கத்து வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் போனேன். தலைவராக இருக்கும் ஷோபனா உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள், பாவம், அவளும் பொய் சொல்லவில்லை. புதுசா கட்டணும்னு கேட்டா ஃபண்ட் தர்றாங்க பெரியம்மா, இருக்கறதைப் பார்த்துக்க ஆளு வேணும்னா எந்தத் தலைப்புல கேக்கறதுன்னே தெரியலை என்றாள். நம் வீட்டு வரியும் வாரச்சந்தை குத்தகையும் பேரூராட்சிக்குத்தானே வருகிறது, அதில் கொஞ்சம் இதற்கென்று எடுத்து வைக்கத் தீர்மானம் போடு, வருஷா வருஷம் யாரும் மாற்ற முடியாதபடி போடு என்று கேட்டேன். அப்போது வடக்குத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு எழுந்து, எங்க தெருவுல மோட்டார் ரிப்பேராகி மாசக்கணக்குல குடிக்கத் தண்ணி வரலை, நாங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ரயில்வே கேட் வரைக்கும் நடக்கறோம், நீங்க நடக்கறதுக்குக் காசு கேக்கறீங்களா என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? வெளியே வந்து அவளிடமே போனேன், உன் மோட்டாருக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்காரரா அந்த எதிர்ல நடக்கற தாத்தா, என் பிள்ளைக்கு டாட்டா காட்டுவாரே என்றாள். அவள் பிள்ளையும் அங்கே ஊஞ்சல் ஆட வந்த பிள்ளைதான். இரண்டையும் ஒரே மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். மார்கழியில் மன்றக் கூட்டத்தில் வைக்கிறேன் என்று ஷோபனா சொல்லியிருக்கிறாள். நிறைவேறும் என்று எனக்கு உறுதி இல்லை.

இனி உன் பெஞ்ச் கதை. அது போன மாசமே வந்துவிட்டது, கல் பட்டறையிலிருந்து மினி லாரியில் கொண்டுவந்தார்கள். கேட் பூட்டிக் கிடக்கிறது, சாவி செயல் அலுவலரிடம், அவர் அன்றைக்குத் திருவாரூர் போய்விட்டார். லாரிக்காரர் எவ்வளவு நேரம் நிற்பார், கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் கொடுத்த பெஞ்சுகளும் அங்கேதான் வரிசையாகக் கிடக்கின்றன, கொக்கு ஒன்று கயிறு கட்டியபடி அவற்றின் நடுவே நிற்கிறது. உட்கார ஊருக்கே இடம் இருக்கிறது, உள்ளே போகத்தான் வழி இல்லை. நான் கோபத்தில் அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அவரே சட்டையை எடுத்துக் காட்டினார். ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன். உன் பெயரும் அவர் பெயரும் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், அழகாகத்தான் வெட்டியிருக்கிறார்கள், நீ வருத்தப்படாதே. பிறகு கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கம்பிக்கு உள்ளே அவர் நடந்த பாதையில் புல் முளைத்துவிட்டது, ஏரியில் தண்ணீர் நிறைந்து தளும்புகிறது. அன்றிலிருந்து தினமும் அங்கே போகவேண்டும் என்று சட்டையை எடுத்துக் காட்டுகிறார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடது கையை நீட்டி, மூஸா, தொற என்கிறார். வேறு பேச்சு இல்லை. மூஸா பாய் வேற ஊருக்குப் போய்விட்டார் என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார், பிறகு மறுபடியும் மூஸா, தொற. என் பெயர் கிடைக்காத வாயில் அந்தப் பெயர் மட்டும் வருகிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்றால் நம்புவாயா, ஆனாலும் அந்த ஒன்றாவது வருகிறதே என்று தினமும் கூட்டிப் போகிறேன்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மூஸா பாய் சம்பளத்தை நானே மாசா மாசம் அனுப்புகிறேன் என்பாய். வேண்டாம் பாப்பா. நீ சம்பளம் கொடுத்தால் அது கவிப்ரியா வீட்டுத் தோட்டம் ஆகிவிடும், ஊர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், நாளைக்கு உன் வேலைக்கு ஒன்று என்றால் அன்றைக்கே பூட்டு விழும். நம் அப்பாவுக்கு மட்டும் கேட் திறந்தால் அவருக்கு எதிரே யார் நடந்து வருவார்கள்? அவருக்கு ஊர் வேண்டும். உங்கள் ஊரில் பூங்காப் புல் வெட்டக்கூட கவுன்சில் ஆள் வருகிறான், அது எங்கள் வரிப்பணம் என்று நீயே பெருமையாகச் சொல்வாயே, அந்தப் பெருமையை இங்கே கேட்டு வாங்கு. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் குழு ஒன்று உன் போனில் இருக்கிறதல்லவா, அதில் எழுது. இனிமேல் பெஞ்ச் வேண்டாம், கொக்கு வேண்டாம் என்று எழுது. உங்கள் எல்லாருக்கும் இங்கே வீடு இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறீர்கள், அந்த உரிமையில் பேரூராட்சிக்கு மனு அனுப்புங்கள், மார்கழிக் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேரட்டும். வடக்குத் தெரு மோட்டாரையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள், அந்தப் பெண்ணுக்கு வாக்கு கொடுத்திருக்கிறேன்.

நீ ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, கண் குழி விழுந்து தெரிகிறது. குட்டிக்குச் சளி என்றாயே, கற்பூரவல்லி கிடைத்தால் இரண்டு இலை கசக்கிக் கொடு. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் என் பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல், நினைத்தது நடந்து, தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் நீ முதல் கேள்வியாக, அப்பா, இன்னைக்கு நடந்தீங்களா என்று கேட்கிறாய். அவரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார், நீ கை தட்டுகிறாய். இனி அதைக் கேட்காதே. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, இப்போது வாரா வாரம் உனக்காக ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு
உன் அம்மா
ராஜாத்தி வீரையன்